கடைமடை

செம்புக் கம்பி எங்கள் தெருவில்
கடைசியாய் வந்து சேரும் வீடு எங்களது.
சோஸ்ட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர்.
பின்னால் சர்க்கரைக் கிழங்கு வயல்,
அதற்கும் பின்னால் மூன்று காற்றாலைகள்.
ஒப்பந்தத் தாளில் பதினாறு மெகாபிட் என்று இருக்கிறது,
"வரை" என்ற சின்னச் சொல்லோடு.
பதினாறு வரை.
வந்து சேர்வது ஆறு.
மழை பெய்தால் நாலரை.

வேலியோரம் மண்ணிலிருந்து ஒரு செம்மஞ்சள் குழாய்
முனையில் ஒட்டுநாடா சுற்றி நீட்டிக்கொண்டு நிற்கிறது.
அதற்குள் கண்ணாடி இழை வருமாம், வசந்தத்தில்.
எந்த வசந்தம் என்று கடிதத்தில் இல்லை.
பக்கத்து வீட்டு ப்ருய்கமானின் நாய்
காலைதோறும் காலைத் தூக்கி
அதற்கு மரியாதை செய்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறையே அளந்து போடுகிறவள் நான்.
ரவுட்டரின் உள்வாசல் கடவுச்சொல்
இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.
முதல் மடை ஆரூரனுக்கு, படிப்பு முடியும்வரை.
அடுத்தது மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் தர்மிகனுக்கு:
பிற்பகல் மூன்று மணி, வவுனியாவில் மனைவி, இருபது நிமிடம்.
பிறகு நகுலேசன்.
அவருக்குப் பட்டிமன்றம் கட்டம் கட்டமாய்த் தெரிந்தாலும் போதும்,
தீர்ப்பு எப்படியும் தெரிந்ததுதானே.
மிச்சம் எனக்கு.
மிச்சம் என்றால், எல்லோரும் தூங்கிய பிறகு.

மார்ச் முழுக்க ஏதோ ஒன்று இரவில் குடித்தது.
இறங்கும் வழியில் அல்ல, ஏறும் வழியில்;
அது அரை மெகாபிட், ஊசிக்கண்.
பட்டியலில் அதற்கு மனிதப் பெயர் இல்லை,
பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் மட்டும்.

"அக்கா, நான் படத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் கதைக்கிறனான்"
என்றான் தர்மிகன். முகம் சுருங்கிவிட்டது.
ஆரூரன் அப்பாவின் டிவியைக் காட்டினான்.
"ஆறு மெகாபிட்டுக்கு இத்தனை விசாரணையோ?"
என்றார் அவர், டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பின்நேர வேலை முடிந்து வந்த ஓரிரவு
ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
எல்லா விளக்கும் அவிந்தது. அது மட்டும் குடித்தது.
சுவரோரம் ஒரு வயர் மேலே போனது, பின்னாலேயே போனேன்:
குளிர்சாதனப் பெட்டியின் தலையில்,
இட்லிக்கு நேரம் பார்க்க நானே வைத்த
என் பழைய போன்.

"ஒரு காணொளி ஏற்றப்படுகிறது. அறுபத்தொரு விழுக்காடு."
அறுபதைத் தாண்டியதும் தொடர்பு அறும்.
அடுத்த இரவு மறுபடி ஒன்றிலிருந்து.

ஜனவரியில், கோட்டுப் பைக்குள் தானாய் அமுங்கிப் பதிந்த
ஐம்பத்திரண்டு நிமிட இருட்டு.
பனி நொறுங்கும் சத்தம்.
பஸ் கதவின் பெருமூச்சு.
முதியோர் இல்லத்துப் பூட்டில் நாலு எண்கள்.
பதினாலாம் அறைக்காரி மணி கேட்கிறாள்,
ஐந்தரை என்கிறேன்,
கேட்கிறாள், ஐந்தரை, கேட்கிறாள்,
ஐந்தரைதான் அம்மா.
பிறகு நீளமாய் நடைபாதை. ஒரு தள்ளுவண்டிச் சில்லு.
அதற்கு மேலே யாரோ ஒருத்தி
வாய் திறக்காமல் ஏதோ ராகம் முனகுகிறாள்.
இரவு வேலைக்கு வந்த போலந்துக்காரியாக்கும் என்று
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சில்லு நின்றது. முனகலும் நின்றது.
செருமியது என் தொண்டை.

அழிக்கத்தான் விரல் போனது.

பட்டியலைத் திறந்து
பெயரில்லாததை முதல் மடைக்கு ஏற்றினேன்.
பெயர் கேட்டது. அடுப்படி என்று போட்டேன்.
காலை ஆறு மணி வரை, வேறு யாருக்கும் சொட்டு இல்லை.
ஆறு மணிக்குப் பார்த்தால் தொண்ணூற்று மூன்று.
இவ்வளவு வந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் என்று விட்டேன்.

ஏழுக்கு ஆரூரன் அறையிலிருந்து கத்தினான்:
கட்டுரை போகவில்லை, எட்டு மணிக்குக் கெடு.
படியில் தர்மிகன் போனைத் தலைக்கு மேல் பிடித்து
விக்கிரகம் போல நின்றான்.
"என்னப்பா நடக்குது?" என்றார் நகுலேசன்.

"மழை" என்றேன், மாவைக் கலக்கிக்கொண்டு.

ஜன்னலுக்கு வெளியே ஒரு துளி இல்லை.
காய்ந்த குழாயருகே
நாய் அப்போதுதான் காலைத் தூக்கியது.