எடைச்சீட்டு

தாழையூத்து எடைமேடையில்
எனக்கு ராத்திரி வேலை.
சுண்ணாம்புக்கல், சாம்பல், ஜல்லி.
ஒருமுறை கோயில் கொடிமரம் ஒன்று
படுத்தபடி வந்து போனது.
எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்தான்.

எங்கள் பக்கம் தலைக்கனம் என்பார்கள்,
மெதப்பு என்பார்கள்,
ஒரே ஆளைப் பற்றி, ஒரே மூச்சில்.
கனத்தது எப்படி மிதக்கும் என்று
எந்த டீக்கடையிலும் யாரும் கேட்டதில்லை.

பதினோரு லாரிக்காரர் கோமதிநாயகம்
ஆடிக் காற்றில் வந்து இறங்கினார்.
குலசாமி கொடைக்கு
எடைக்கு எடை கருப்பட்டி கொடுக்கிறார்.
எத்தனை கிலோ என்று நோட்டீஸில் அடிக்கணும்,
சீல் வைத்த சீட்டு வேணும்.
"ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் நோயாளிக்கும்மா.
நம்ம லாரி ஏறுத எடத்துலயே நானும் ஏறுதேன்."

அறுபது டன் மேடை.
நடுவில் போய் நின்றார், செருப்போடு.
வேட்டி கங்கைகொண்டான் பக்கமாய்ப் பறந்தது.
வெளிப்பலகையில் சிவப்பாக
80.

"எம்பத்தொம்பதும்மா நான்.
நேத்துதான் பாத்தேன். ஒம்பது எங்க?"

இது இருபது இருபதாத்தான் எண்ணும் சார்,
நடுவுல உள்ளது இதுக்குத் தெரியாது என்றேன்.
இறங்கி ஏறினார். குதித்துப் பார்த்தார்.
வரிசையில் நின்ற டிரைவர்கள்
கண்ணாடியை இறக்கினார்கள்.
புது ஷெட்டில் உடைக்க வாங்கிய திருஷ்டிப் பூசணி
கார் டிக்கியில் கிடந்தது.
அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார்.
100.

சிரித்தபடி சீட்டு வாங்கிப் போனார்.

முதலில் வந்த 80 சீட்டு என்னிடம் இருந்தது.
டவுன் பஸ்ஸில் கமலவேணிக்குக் காட்டினேன்.
தச்சநல்லூர் வரை எண்பதாக இருந்தவர்
ஜங்ஷன் வருமுன் அறுபதானார்.
பூசணிக்காயை நான் சொல்லவே இல்லை.
மறுவாரம் ஒரு கல்யாணப் பந்தியில்
அவர் ஏறியும் முள் அசையவில்லை என்றேன்.
எங்கள் மேடையில் முள்ளே கிடையாது.
அடுத்த இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
எனக்கு ரெண்டாவது அப்பளம்
கேட்காமலே வந்தது.

புரட்டாசியில் ஒரு ராத்திரி
ஒரு மணி நேரமாய் லாரி இல்லை.
காற்று அடங்கிக் கிடந்தது.
சும்மா ஏறி நின்றேன்.
ஐம்பத்தாறு கிலோ நான்,
பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது.
பலகையில்
60.

நாலு கிலோ.
பூசணிக்காய் இல்லாமலே.
கழுத்து தானாக நிமிர்ந்தது.
காலுக்குக் கீழே இரும்புத் தகடு
இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.
ஒரு சீட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம்,
ஆனால் நான் இங்கே நிற்கும்போது
உள்ளே பொத்தானை அமுக்க ஆளில்லை.
போனால் பலகையில் பூஜ்யம்.

போகாமல் நின்றேன்.

பின்னால் ஹாரன்.
விளக்கு வெளிச்சம் என் நிழலை
அலுவலகக் கூரை வரை நீட்டியது.

"எக்கா, எறங்குதியளா?
கல் லோடு நிக்கி."