ரொட்டிக்காரியை மூன்றடி தள்ளி

பாலத்தின் நடுவுக்குப் போனதும்
உலகம் நின்றுவிடுகிறது.
சத்தமில்லை. காரணம் சொல்லும் ஒரு வரிகூட இல்லை.
திரை கறுத்து, பிறகு
போன கோடையில் எடுத்த படகுப் படம்,
அதன் மூலையில் குப்பைத்தொட்டி,
மணி பன்னிரண்டு பத்து.

நூற்றுப் பதினான்கு மாட்கள்.
மாட்டுவது எளிது, மாட்டிக்கொள்வது அதைவிட.
ஒன்று மழைக்கு ஈரம் தந்தது.
ஒன்று காவலரின் தாடியை மயிர்மயிராய்ப் பிரித்தது.
இன்னொன்று
ராஜ்யம் முழுவதிலும் ஒரே ஒரு கோழியை
நொண்ட வைத்தது. யாரோ
அதற்கென்று ஒரு குளிர்காலத்தையே செலவழித்திருக்கிறார்.

கடைசியில் ஏறுபவர் சொல்லே செல்லும், இதுதான் இங்கே சட்டம்.
முன்னவர் நட்ட மரத்தைப் பின்னவர் வெட்டியிருந்தால்
மரம் இல்லை.
நிழலும் பறவையும் மட்டும் சில சமயம் மிஞ்சும்.

எனக்கிது புதிதல்ல.
ஔலு நகரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
முதலில் பேருந்துச் சாலை, அப்புறம் சைக்கிள் பாதை,
வரிசை பிசகினால்
தள்ளிய பனி தள்ளிய இடத்துக்கே திரும்பும்.
துயிராவில் ஹில்க்கா என்றொரு பெண்மணி
மண்வாரியை ஓங்கிக்கொண்டு நிற்பார்:
"இப்பத்தான் வாசலைத் துடைச்சு வெச்சேன், பெண்ணே!"
அந்த வாசலில் ஒரு சாலையையே கொட்டியிருப்பேன்.

பாதியை அணைத்தேன்.
அரசனுக்கு முகம் போயிற்று. வானம் கத்தரிக்காய் நிறம்.
பாலத்தைக் கடக்க முடிந்தது.
அப்படியானால் வில்லங்கம் மறுபாதியில்.
அதிலும் பாதி, அதிலும் பாதி.
ஒவ்வொரு தடவையும் ராஜ்யம்
வெவ்வேறு உறுப்பை இழந்து கண்விழித்தது,
நான் காபி வைத்தேன்,
ஹீட்டர்மேல் காலுறையைத் திருப்பிப் போட்டேன்.

கடைசியில் அகப்பட்டது ஒருவரல்ல, இருவர்.
ஒருவர் பாலத்தடியில் கிணறு தோண்டியிருந்தார்.
அவரை அறியாத இன்னொருவர்
அதே இடத்தில் ஒரு ரொட்டிக்காரியை உட்கார வைத்திருந்தார்.
கண்ணுக்குத் தெரியாத நடைபாதையொன்று
முக்கோணம் முக்கோணமாய் அங்கே தரையில் உண்டு,
கிணற்றுக்காரர் அதை அழித்துவிட்டார்.
உச்சிவேளையில் அவள் கூடையோடு எழுவாள்,
அடியெடுத்து வைக்கத் தரை இருக்காது.
உலகம் நிற்பது அந்த அடியில்தான்.

கிணற்றோடு வந்த குறிப்பு:
"இந்த ஊர் தண்ணீருக்கு என்ன செய்கிறது என்று
ஏழு வருடம் யோசித்தேன். பொறுக்கவில்லை."
ரொட்டிக்காரியோடு வந்தது:
"மாலையில் இருமுவாள். தயவுசெய்து திருத்தாதீர்கள்."
எதை நீக்குவது, சொல்லுங்கள்.

உள் அறையிலிருந்து ரைமோ, அரைத்தூக்கத்தில்:
"டிராகன் செத்துதா?"
"இல்ல. ஒரு பொம்பளைய நகர்த்திட்டிருக்கேன்."
"எங்க?"
"மூணடி."
சற்று நேரம் பேச்சில்லை. பிறகு குறட்டை.

கிணற்றைச் சுற்றிப் பாதையை வரைந்தேன்,
புள்ளி புள்ளியாக, நாக்கைக் கடித்துக்கொண்டு.
அவளையும் கூடையையும் கிழக்கே மூன்றடி தள்ளினேன்.
நூற்றுப் பதினைந்தாவது. பெயர் கேட்டது.
ஹில்க்கா என்று தட்டினேன்.

பாலம் தாங்கியது.
இரண்டு காசுக்கு ஒரு ரொட்டி வாங்கினேன்,
மாலைவரை நின்றேன், இருமினாள்.
மூன்று வாரமாய் மலையில் எனக்காகக் காத்திருக்கும் டிராகன்
இன்னும் காத்திருக்கட்டும்.

மூன்றே முக்காலுக்குக் கைபேசி ஒளிர்ந்தது:
பன்னிரண்டு சென்டிமீட்டர், எல்லா வண்டிகளும்.

துயிராவில் அந்த வாசல் வந்தபோது
விதிமுறையில் இல்லாத ஒன்றைச் செய்தேன்.
அலகைச் சற்றே தூக்கி,
வாசலகலம் தாண்டியபின் இறக்கினேன்.
சுமந்து வந்த பனி அடுத்த வாசலில் விழுந்தது.
அது யார் வீடென்று தெரியாது.
விடிந்தால் தெரிந்துவிடும்.