நிறுவைக் கிராணி

பீடோரில், பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட லுத்தரன் கோயில்.
பெருமழை வந்தால் போதகர் தைரியநாதன்
பிரசங்கத்தை நிறுத்திவிடுவார்.
அந்த ஞாயிறு நிறுத்தவில்லை. கத்தினார்.
பாதிதான் என் காதில் விழுந்தது:
"தீர்ப்பு வந்தாச்சு. உங்களுக்குச் சாதகமா…"
மீதியைக் கூரை எடுத்துக்கொண்டது.

என் சட்டைப்பையில் ஒரு 555 புத்தகம்,
சீனர் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்.

இருபத்திரண்டு வருஷம்
ஆறாம் டிவிஷன் கொட்டகையில் பால் நிறுத்தவன் நான்.
வாளிக்கு அரைக் கிலோ குறைப்பேன். சில நாள் முக்கால்.
மெட்ரோலாக் முப்பத்தாறு காட்டினால்
பேனா முப்பத்துமூன்று எழுதும்.
மிச்சம் எனக்கும் லோரிக்காரனுக்கும்.
அதில் வந்ததுதான் என் ஹோண்டா கப்பு,
மகளின் தோடு,
கோயிலுக்கு நான் காணிக்கையாய்க் கொடுத்த சுவர்க் கடிகாரம்.
இன்றும் ஓடுகிறது, ஐந்து நிமிஷம் முந்தி.

வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு
எழுத ஆரம்பித்தேன்:
பெயர், மாதம், எடை, அன்றைய விலை.
பால்மரமெல்லாம் செம்பனையாகியிருந்தது,
லயங்கள் இடிந்திருந்தன.
கடன்பட்டவன் நான்,
கடன் கொடுத்தவர்களைத் தேடி அலைந்தேன்.
கறுப்பண்ணன் கிள்ளானில் செத்து ஒன்பது வருஷம்.
அவர் மகன் நூறு வெள்ளி நோட்டை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
வீராயி எந்த ஊர் போனாள் என்று
யாருக்கும் தெரியவில்லை.
கொடுக்கும்போதெல்லாம்
உள்ளே ஒரு குச்சி ஒரு கோடு மேலே மிதக்கும்,
மறுநாள் இறங்கிவிடும்.
எந்தக் கோட்டில் நின்றால் நல்லவன்?

பதினான்காம் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
சலோமி.
மூவாயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி, எழுபது காசு.
கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள்.
அவள் கொண்டையைப் பார்த்தே
எத்தனையோ ஜெபம் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்தில்
கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள்.
கண்ணாடி கொண்டுவரலை என்றாள்.
நானே வாசித்தேன், காசு வரைக்கும்.
ஈப்போ பஸ் ஒன்று வந்து, நின்று, போனது.

"அந்த வருசந்தான் பெரியவனைப்
பள்ளிக்கூடத்திலேர்ந்து நிறுத்தினேன்.
அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

எந்தப் பக்கத்திலும் இல்லை.

அசாம் தூளைத் தூவினாள். கத்தியைத் துடைத்தாள்.
"நானும் தண்ணி ஊத்துனேன் கிராணி.
தெனமும், வாளிக்கு ஒரு குவளை.
ஒங்க குச்சி கண்டுபிடிக்கலியா?"

பேனாவைத் திறந்தேன்.
அவள் தண்ணீரை என் அரைக் கிலோவில் கழிப்பதா?
கழித்தால் அந்தப் பையன்
மறுபடி பள்ளிக்கூடம் போவானா?
மூடிவிட்டேன்.
மன்னித்தாளா, கேட்கவில்லை.
இரண்டு வெள்ளிக்குக் கொய்யா கொடுத்தாள்,
காசை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நற்கருணை.
எப்படி வந்தாளோ, என் பக்கத்தில் முழங்காலிட்டாள்.
மழை இல்லை. எல்லாம் கேட்டது.
போதகர் வரிசையாக வந்தார்.
யாரையும் நிறுக்கவில்லை,
எவர் நெஞ்சிலும் குச்சி விட்டுப் பார்க்கவில்லை.
தண்ணீர் ஊற்றிய கையிலும்
எடை திருடிய கையிலும்
ஒரே அளவு அப்பம்.
குனிந்தபோது புத்தகம் மார்பில் குத்தியது.
கையை நீட்டினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்,
அதையும் செய்தேன் என்று சொல்ல முடியாது,
பசித்தவன் கை தானாகப் போகும்.

திங்கட்கிழமை
முழுப் பணத்தையும் கொண்டுபோனேன்.
"இதோட தீந்துச்சா?" என்றாள்.
"அது வேற எடத்துல தீந்துருச்சு.
இது சும்மா."

அவள் சிரிக்கவில்லை.
விரலை நாக்கில் தொட்டு
இரண்டு தரம் எண்ணினாள்.
கிராணி எண்ணியதை
யார் நம்புவார்.