மூன்றாவது அடி

தடைக்காலம், நாற்பதாவது நாள்.
மண்டபம் வடக்குத் துறையில் விசைப்படகுகள்
மூக்கோடு மூக்கு உரசிக் கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஓடவில்லை.
அம்மோனியா வாடை மட்டும்
சட்டையை விட்டுப் போவேனா என்கிறது.

பார் உடைக்கிற கைக்கு வேறு வேலை தெரியாது.
சீனி நெய்னாவின் செல்போன் கடைப் பின்னறை,
மணிக்கு இருபது ரூபாய்.
திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழும்;
அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று
காசு வாங்கும்போதே சொல்லிவிடுவார்.

குகையின் மூன்றாவது திருப்பத்தில் அது நிற்கும்.
கையில்லை, காலில்லை.
பனங்காய் அளவு நெருப்பு, நெருப்புக்கு ஒரு வாய்,
வாய்க்கு மேலே தூக்கம் கெட்ட இரண்டு கண்.
ரீகன் வைத்த பெயர் உப்பன்.
அடித்தால் உப்பும்.
இரண்டாவது அடிக்கு இன்னும் உப்பும்.
மூன்றாவதிலும் சாகவில்லையென்றால்
தானாய் வெடித்து
நம்மையும் கூட்டிக்கொண்டு போகும்.
அப்படிப் போனால் யாருக்கும் புள்ளி கிடையாது.

ஐந்து பாகமும் ஆடியவன் ரீகன்.
முதல் பாகத்தில் இது வெறும் எட்டுச் சதுரமாம்,
சிவப்பு ஆறு, மஞ்சள் இரண்டு.
நாயகன் மாறினான், வாள் மாறியது,
நாலாம் பாகத்தில் கடலுக்கே அலை வந்துவிட்டது.
இது ஒவ்வொரு தடவையும்
அதே வேலைக்கு வந்து நிற்கிறது.
கதையில் இதற்கென்று ஒரு வரி இல்லை.
யாரும் இதைத் தேடி வருவதுமில்லை.
வேறெங்கோ போகிறவர்கள்
போகிற போக்கில் அடிக்கிறார்கள்.

"பனி மந்திரம் போடுண்ணே, ஒரே அடி."
யாரிடம் சொல்கிறான் பாருங்கள்.
பதினோரு வருஷமாய்
ஐம்பது கிலோ பாரைக் கொக்கி போட்டு இழுக்கிறவன்.
இடது கையில் மூன்று விரலுக்குச் சூடு தெரியாது.

போட்டேன்.
திரை முழுக்க நீலம்.
கரிமூட்டம் பிரித்த மறுநாள் தரை மாதிரி
உப்பன் கறுத்து, கொஞ்சம் புகைந்து, இல்லாமல் போனது.
பதினாலு புள்ளி.
அடுத்த திருப்பத்தில் இன்னொன்று.
பதினாலு.

இன்றைக்கு ரீகன் வரத் தாமதம்.
கச்சான் புழுதியை அள்ளி ஷட்டரில் எறிகிறது.
எதிரே உப்பன்.
என்னவோ, அடிக்கத் தோன்றவில்லை.
கேடயத்தை மட்டும் தூக்கினேன்.
என் முறை போய் அதன் முறை வந்தது.
அது பார்த்தது.
திரும்ப என் முறை, கேடயம்.
திரும்ப அதன் முறை, பார்த்தது.
அடி வாங்காத உப்பன் என்ன செய்யுமென்று
செய்தவர்களே யோசிக்கவில்லை போலிருக்கிறது.

அதற்கு மூச்சு இருந்தது.
இரண்டே படம், மாறி மாறி,
கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் சிறிசு.
இத்தனை நாளில் நான் கவனித்ததில்லை.
கவனிக்க அது எங்கே உயிரோடு இருந்தது?

ரீகன் தூக்குவாளியில் டீயோடு வந்தான்.
"என்னண்ணே, கை தூங்கிருச்சா? காசு ஓடுது."
ஓடட்டும்.
திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.
இடது கன்னம், கண்ணுக்குக் கீழே வரை, உப்பியிருந்தது.
முன்பணம் கேட்டு சம்மாட்டி வீட்டுக்குப் போனானாம்.
போன வருஷக் கணக்கே நேராகவில்லையாம்.

"எத்தனை?"

நான் பணத்தைக் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"ரெண்டு" என்றான்.

அப்போது கரண்ட் போனது.
கதவருகே சேவ் செய்ததோடு சரி,
நானும் அதுவும் நின்றது எதிலும் பதிந்திருக்காது.
இருட்டில் அவன் மூச்சு கேட்டது,
கொஞ்சம் பெரிசாய், கொஞ்சம் சிறிசாய்.

டம்ளரை இடது கையால் வாங்கினேன்.
சுடவில்லை.
எழுந்து செருப்பைத் துழாவினேன்,
அந்தக் கன்னத்தில் வைக்க ஒரு துண்டு வேண்டும்.
வாசல் வரை போன பிறகுதான் உறைத்தது:
நான் ஐஸ்காரன்,
ஊரில் ஐஸ் இல்லை.