நீடாமங்கலம் கேட்

மூன்று வருஷமாய்
தையல்நாயகி நீடாமங்கலம் கேட்டில் நிற்கிறாள்,
டி.வி.எஸ். ஃபிஃப்டியை அணைத்துவிட்டு
ஒரு காலைத் தரையில் ஊன்றி.
ஹேண்டில்பாரில் மூடி போட்ட தூக்கு.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.

நெல் ஏற்றிய கூட்ஸுக்கு எஞ்சின் மாற்றுகிறார்கள் என்று எழுதி
பேனாவை மூடினேன். அன்றைக்குத்தான்
மருந்துக்கடைக்காரர் மணிவிழா மலர் கேட்டு வந்தார்.
நாற்பது பக்கம், எட்டாயிரம்.
அப்புறம் நர்சிங் ஹோம் திறப்புக்கு ஒரு வரவேற்புரை.
அப்புறம் கவுன்சிலர் எழுதிய கவிதைகள்,
அதாவது, அவர் எழுதியதாக நான் எழுதியவை.
கண்ணீர் அஞ்சலிக்கு நாலு வரி என்றால்
காசு வாங்குவதில்லை.
வாங்கியிருக்கிறேன், ஒரே ஒரு தடவை,
பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில்.

விடிகாலை நாலரைதான் நாவலுக்கு.
கடைமடைக்காரி மாதிரி
மண்வெட்டியோடு காத்திருப்பேன்.
அரை மணி நேரம் வரும்,
சில நாள் வெறும் ஈரம்.
ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து
'தூக்கு' என்பதை அடித்துக் 'கேரியர்' என்று போட்டேன்.
மறுநாள் திருப்பி மாற்றினேன்.
கேரியர் என்றால் குடும்பத்துக்கு,
தூக்கு என்றால் ஒரு ஆளுக்கு.
யார் அந்த ஆள், உள்ளே என்ன,
எனக்கே தெரியாது.
கனம் என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

இந்த வருஷம் மேட்டூர் திறந்த வாரம்
மில் அமிர்தகடேசன் கூப்பிட்டு அனுப்பினார்.
எழுபத்தெட்டு வயசு. சுயசரிதை. இருநூறு பக்கம்.
பாதிப் பணம் முன்னால், கவரில்.
எண்ணிப் பார்க்கச் சொன்னார்.
எண்ணினேன்.

செவ்வாய், வியாழன், மூன்றிலிருந்து ஐந்து.
புழுங்கல் நெல் அவிகிற வாசம்
புடவையில் ஏறி மன்னார்குடி வரை கூட வரும்.
முதல் லாரி. முதல் கடன்.
பேங்க் மேனேஜரை மடக்கிய விதம்.
எல்லாம் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி
முனை மழுங்கிய கதைகள்,
எழுதுவதற்கு வசதியானவை.

ஆறாவது வியாழன் கரண்ட் போனது. மில் நின்றது.
அந்த அமைதி அவருக்குப் பழக்கமில்லை.

"பன்னெண்டு வயசு எனக்கு.
அக்கா யாரோடயோ போயிடுச்சு.
பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு அப்பா.
அம்மா தூக்குல சோறு போட்டு
வாடகை சைக்கிள்ல என்னை அனுப்பும்,
நீடாமங்கலத்துக்கு, வாரா வாரம்.
நான் போவலை.
பாமணியாத்துக் கரையில உக்காந்து
நானே தின்னுட்டு
கழுவிக் கொண்டாந்து குடுத்துருவேன்.
நல்லாருக்கான்னு கேக்கும்.
நல்லாருக்கும்பேன்.
ஒரு வருஷம்."

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.
மேஜையில் கிடந்த என் போனைப் பார்த்தார்.
"அது ஓடுதா? நிறுத்தும்மா.
அதெல்லாம் வேணாம்.
ஒரே பிள்ளைன்னு எழுதிக்குங்க."

அவர் எதிரிலேயே அழித்தேன்.
அதனால் என்ன.

மூன்றாம் அத்தியாயம், முதல் வரி:
'என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை.'
நல்ல வரி. அவருக்கும் பிடித்தது.
இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

எழுதச் சொன்னதற்குக் காசு வாங்கிவிட்டேன்.
எழுத வேண்டாம் என்றது
யாருடையது?

மறுநாள் நாலரைக்கு
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து
தையல்நாயகியின் தூக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.
காற்றாய் இருந்தது.
'கனம்' என்ற சொல்லை அடித்தேன்.
அதற்கு மேல் கை ஓடவில்லை.

கூட்ஸ் போய்விட்டது.
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் மினி பஸ்காரன்
ஹாரன் மேல் வைத்த கையை எடுக்காமல் இருக்கிறான்.
வண்டியைக் கிளப்பாமல்
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் நாலாம் அத்தியாயம் கொடுத்தாக வேண்டும்:
'நான் கண்ட சிங்கப்பூர்.'