மறு அறிவிப்பு வரும் வரை

பெங்களூர் ஆபீசிலிருந்து மெயில் வந்தபோது மணி நாலு இருபது.
ஒரு பக்கம்தான்.
ஜெனரல் ஷிப்ட் விடுவதற்குள்
தமிழில் எழுதிக் கேட்டில் ஒட்டணும் என்றார் மேனேஜர்.
உனக்குத்தான் எழுத்து அழகா வரும், என்றும் சொன்னார்.

முதலில் ஸ்லோடவுன்.
மந்தம் என்று போட்டேன்.
மந்தம் பேக்கிங் நாகவேணியின் பையனுக்கு வரும்,
வயிறு உப்பிக் கிடப்பான், வசம்பு உரசி வைத்தால் எழுந்துவிடுவான்.
இதற்கு எதை உரசுவது?
அடித்துவிட்டுச் சுணக்கம் என்று எழுதினேன்.
அது தாலுகா ஆபீஸ் வார்த்தை.
அங்கே எல்லாமே சுணக்கம்,
யார் சம்பளமும் நின்றதாகக் கேள்வியில்லை.

டிப்ரஷன்.
வங்கக் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது என்று டிவி சொன்னால்
சூளகிரியில் கொத்தமல்லி விதைத்தவர்கள்
வாசலுக்கு வந்து வானம் பார்ப்பார்கள்.
எங்கோ ஒன்று தாழ்ந்தால்தான் எங்களுக்கு மழை.
இந்தத் தாழ்வில் நனைவது யாரென்று
தாளில் போடவில்லை.

நெகட்டிவ் குரோத்.
கீழ்நோக்கி வளர்வது எனக்குத் தெரிந்து முள்ளங்கிதான்.
பிடுங்கினால் கையில் ஏதாவது வரும்.

பாட்டமிங் அவுட் என்ற இடத்தில் பேனா நின்றது.
மத்திகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
போர் வண்டி இரண்டு ராத்திரி இரைந்தது.
எண்ணூறு. ஆயிரம். ஆயிரத்து இருநூறு.
கல்மாவு புகையாக வந்து
காயப்போட்ட துணியெல்லாம் வெளுத்தது.
அடி வந்துடுச்சாப்பா, என்று கேட்டார் அப்பா.
அடிக்கு நூத்திப்பத்து ரூபாய்ங்க,
அடி வருமான்னெல்லாம் நான் சொல்றதில்லை, என்றான் வண்டிக்காரன்.

லே-ஆஃபுக்கு ஆட்குறைப்பு என்று எழுதியதை
மேனேஜர் சிவப்பு மையில் சுழித்தார்.
ரெண்டும் வேற வேறம்மா.
ஆள் அப்படியே இருப்பாங்க,
வேலைதான் இருக்காது.

ஐந்து நாற்பதுக்கு ஒட்டினேன். பசை காயவில்லை.
வெல்டிங் திம்மராயப்பா
வீட்டில் கன்னடம், லைனில் தெலுங்கு,
தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.
நான் மாற்றி மாற்றி எழுதிய வார்த்தைகளை
ஹெல்மெட்டைக் கழற்றாமலே தாண்டிப் போனார்.
விரல் மேலும் கீழும் எண்ணைத் தேடியது.
நாற்பத்தேழு நாளா மேடம்?

இல்லைங்க.
அது கடித எண்.

பின்னால் நின்றவர்களுக்கு அவர் அதைக் கன்னடத்தில் சொன்னார்.
யாரோ சிரித்தார்கள்.
டீக்கடை வரைக்கும் பைக்குகள் ஸ்டார்ட் ஆகாமல்
தள்ளிக்கொண்டே போயின.

கடைசி வரியை மட்டும்
யோசிக்காமல் எழுதியிருந்தேன்:
மறு அறிவிப்பு வரும் வரை.
வரும். அதுவும் இங்கிலீஷில்தான் வரும்.
அதைத் தமிழாக்க ஆள் வேண்டும்
என்று ராத்திரி சோற்றைப் பிசையும்போது தோன்றியது.
கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.
அதற்கு என்ன வார்த்தை என்று
நான் தேடவில்லை.