பதினோரு இழை

மருதமுனையில் பஸ் பழுதானது.
மழை வேறு.
எதிரே இருந்த கடைக்குள் ஒதுங்கினேன்,
வாங்கும் எண்ணமில்லை.

நெற்றி உயரத்துக்குச் சாறன்கள்.
பின்கட்டில் தறிச்சத்தம்,
இடையிடையே ஓர் இருமல்.

நீலக் கட்டம் போட்ட ஒன்றை விரித்தேன்.
நாலு இழை பச்சை ஓடவேண்டிய கோடு
ஓரிடத்தில் மட்டும் தடித்துக் கிடந்தது.
எண்ணினேன்: பதினொன்று.
கணக்காய்வில் இருபது வருடம்,
கண் சும்மா இராது.

"பிழை இருக்கு. விலையக் குறைங்க."

ஜெஸீமா தறியை விட்டு எழும்பவில்லை.
"அதில மகள்ட ரிசல்ட் கிடக்கு தம்பி.
போன் எடுத்தாள். அழுறாளா சிரிக்காளா
ஒண்டும் விளங்கல்ல.
என்ட காலும் கையும் தன்பாட்டில போகுது.
ஏழு இழை கூடிப் போன பிறகுதான்
வாயத் திறந்தாள், பாஸ் எண்டு."

நாடா ஒருமுறை போய் வந்தது.

"குறைக்க ஏலா. ஐம்பது ரூபா கூட."

அம்பலாங்கொடையில் வாங்கிய முகமூடி
எங்கள் சுவரில் பல்லைக் காட்டுகிறது.
அந்தப் பல்லைச் செதுக்கிய பொழுது
யாருக்கு யார் போன் எடுத்தார்களோ.

ஐம்பது கூட்டியே கொடுத்தேன்.
அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம்,
மடியில் பொட்டலம்,
கடதாசிக்குள் விரலை விட்டு
அந்தத் தடித்த கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என்ன சோதனை என்று கேட்கவில்லையே,
களுவாஞ்சிக்குடி தாண்டித்தான்
நினைவு வந்தது.